பின்துடுப்புக்காரரின் இரண்டு கோடுகள்

“ரெண்டு கோடு விழுந்திருக்கு மாமா,” என்றாள் லம்துவன்.

இன்சோன் நிமிரவில்லை. வீட்டைத் தாங்கும் மரத்தூண்களுக்கு நடுவே, பின்துடுப்பை இரண்டு முக்காலிகளின்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பந்தயப் படகின் வாலில் நின்று, முழுப் படகையும் திருப்புகிற துடுப்பு அது. ஆளைவிட நீளம்.

“ரெண்டு கோடுன்னா நல்ல சேதிதானே? ஆணா, பொண்ணா?”

மேலேயிருந்து அவர் மனைவி அம்போனின் குரல் வந்தது. “எதுவா இருந்தாலும் உங்கம்மா வீட்டுக்குப் போய்ப் பெத்துக்கோங்க. இந்த வயசுல என்னால பத்தியச் சோறு ஆக்க முடியாது.”

லம்துவன் சிரிக்கவில்லை. அதுதான் இன்சோனை நிமிர வைத்தது. அம்போனின் தங்கை அவள். இன்சோனைக் கேலி செய்யக் கிடைத்த எந்த வாய்ப்பையும் இதுவரை விட்டதில்லை. ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களில் ஒருத்தி என்பதால், ஐம்பது தாண்டிய எல்லோர் வீட்டுக்கும் போய் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

குழாயின் மூடியைத் திருகினால் அதோடு ஒட்டிய குச்சி வெளியே வரும். குச்சியின் நுனியில் திருகாணிக்கு இருப்பதுபோல வரிப்பள்ளங்கள். காலையில் மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தி, பள்ளங்களில் ஒட்டிய அளவோடு திரும்பக் குழாயில் சொருகி மூட வேண்டும். உள்ளே இருக்கிற நீரில் அது கரையும். அந்த நீரில் சில சொட்டுகளை ஒரு சின்னப் பட்டையில் விட்டால், அதிலுள்ள காகிதம் திரி எண்ணெய் குடிப்பதுபோல அதை இழுத்துக்கொண்டு போகும். காகிதத்தின் நடுவே ரத்தத்தைப் பிடித்து நிறுத்துகிற மருந்தை ஒரு கோடாகத் தடவியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் வந்து மாட்டினாலும் கோடு சிவந்துவிடும். இன்னொரு கோடு எப்படியும் சிவக்கும். பட்டை கெட்டுப்போகவில்லை என்று காட்ட அது. ஆக, ஒரு கோடு என்றால் நிம்மதி. இரண்டு என்றால் குடலுக்குள் எங்கோ கசிகிறது.

“எதுனால கசியுதுன்னு இது சொல்லாது மாமா. மூலமா இருக்கலாம். பயப்படுற மாதிரி ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். டவுன் ஆஸ்பத்திரில கேமரா விட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

“எங்க விடுவாங்க?”

“உங்களுக்குத் தெரியாதாக்கும்.”

இன்சோன் எண்ணெய்த் துணியை உதறினார். “எனக்கு வலி கிலி எதுவும் கிடையாது. தினம் காலைல மணி அடிச்ச மாதிரி போகுது. இது லூவோட வேலை.”

படகைக் கொட்டகையிலிருந்து ஆற்றில் இறக்கிய நாளன்று விருந்து நடந்தது. பன்றியின் பச்சை ரத்தத்தை எலுமிச்சைப் புல் போட்டுப் பிசைந்து, மசாலாவும் பொரித்த பூண்டும் சேர்த்துச் செய்யும் லூ இல்லாமல் அந்த ஊரில் படகு இறங்கியதில்லை. அதைச் சாப்பிட்ட மறுநாள்தான் இன்சோன் குழாயில் குச்சியைச் சொருகியிருந்தார்.

“கிண்ணம் கிண்ணமா சாப்பிட்டேன். உள்ள போனது ரத்தம். அதான் வெளியவும் வந்திருக்கு. இதுக்கு எதுக்குக் கேமரா?”

“இந்தக் காகிதம் மனுஷ ரத்தத்தை மட்டும்தான் பிடிக்கும்.”

“பன்னி எது, மனுஷன் எதுன்னு காகிதத்துக்கு எப்படித் தெரியும்? சில பேரப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்கு.”

அன்று மாலை படகுத் துறையில் இதையே கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொன்னார். துடுப்புக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பெருமைப்பட்டவர் கம்பான். முன்வரிசையில் துடுப்புப் போடுபவர். லூ பிசைவதில் அக்கம்பக்கத்து ஊர்களிலும் பேர் வாங்கியவர்.

“சர்க்கார் மிஷினையே ஏமாத்திருச்சு பாத்தீங்களா, என் கைப்பக்குவம்!”

சிரிப்பு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படகில் இருப்பவர்களிலும் கரையில் நின்று கத்துபவர்களிலும் ஐம்பது தாண்டியவர்கள் பலர். அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குழாயைக் காலியாகவே திருப்பிக் கொடுத்தார்கள். பந்தயம் முடியட்டும், லூ சாப்பிடுவதை நிறுத்தியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கம்பான் குழாயோடு ஒரு பொட்டலம் லூவையும் லம்துவனுக்குக் கொடுத்தனுப்பினார்.

இன்சோனுக்கு மட்டும் தெரியும், தான் பேசுவது லூவைப் பற்றியே இல்லை என்று. புத்த பிக்குகளின் மழைக்கால விரதம் முடிந்ததும் பந்தயம். மலைகளுக்கு இடையே ஓடும் அந்த ஆற்றில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு படகு, ஒவ்வொரு படகின் மூக்கிலும் ஒரு மர நாகத் தலை. போன வருடம் அவர்கள் தோற்றது நாகத்தின் நாக்கு நீளத்தில். அந்த நாக்கை அவர் வருடம் முழுக்கத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் எதையாவது கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தால் வெட்டுவார்கள். வெட்டினால் படகின் வாலில் நிற்க முடியாது. போகாவிட்டால் இது எதுவுமே நடக்காது. கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது.

அடுத்த விருந்து நாளில், இருட்டுகிற நேரத்தில் லம்துவன் துறைக்கு வந்தாள். கம்பான் ஒரு பெரிய பாத்திரத்தில் ரத்தத்தை விட்டு, எலுமிச்சைப் புல் கட்டை வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். புல்லைக் கசக்கக் கசக்க ரத்தம் உறையாமல், கவிச்சி அடங்கி, பளபளவென்று நின்றது. லம்துவன் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு குழாயை எடுத்தாள்.

“இது யாரோடதுன்னு தெரியுதாண்ணே?”

கம்பான் குழாயில் ஒட்டியிருந்த தன் பேரைப் பார்த்தார். “அதான் திருப்பிக் குடுத்துட்டேனே.”

“காலியா குடுத்தீங்க. வீணாக்காம லூவைச் சோதிச்சுக் காட்ட வெச்சுக்கோன்னு சுகாதார நிலைய ஆபீசர் சொல்லிட்டாரு.”

மூடியைத் திருகி, குச்சியின் நுனியை அந்த ரத்தத்தில் தொட்டு எடுத்தாள். குழாயில் சொருகிக் குலுக்கினாள். பட்டையில் சொட்டுகளை விட்டு, அதை ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். சோற்றுக் கூடையைத் திறந்துகொண்டிருந்தவர்கள்கூட கையை எடுத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். யாரோ தீக்குச்சி கிழித்து வெளிச்சம் காட்டினார். இன்னொருவர் அவர் தலையில் தட்டி டார்ச்சைக் கொடுத்தார்.

ஒரு கோடு சிவந்தது. இன்னொன்று சிவக்கும் என்று காத்திருந்தார்கள். சிவக்கவில்லை.

“பழைய பட்டையா இருக்கும்,” என்றார் கம்பான்.

“சரி, அதையும் பாத்துருவோம். ஒரு சொட்டு மனுஷ ரத்தம் வேணும். யாரு விரல் தர்றீங்க?”

ஆற்று வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவர்கள் அத்தனைபேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

“ஊசின்னா இவனுக்கு ஆகாது,” என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் காட்டினார்.

“உனக்கு மட்டும் ஆகுமா? தடுப்பூசி போட வந்தப்ப தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னியே!”

இன்சோன் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து விரலை நீட்டினார். எல்லோரும் பார்க்கும்போது பின்வாங்கிப் பழக்கமில்லை அவருக்கு. லம்துவன் குத்தினாள். துளி எழுந்தது. வேறொரு குழாயின் குச்சியால் அதைத் தொட்டுக் கரைத்து, புதுப் பட்டையில் விட்டாள்.

இந்தமுறை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கோடும் அடுத்தடுத்துச் சிவந்தன.

கம்பான் இரண்டு பட்டைகளையும் கையில் எடுத்து, மாற்றி மாற்றிப் பார்த்தார். தன் கைப்பக்குவத்துக்கு நேர்ந்த அவமானம் ஒரு கணம் முகத்தில் தெரிந்தது. பிறகு அது வேறு ஏதோவாக மாறியது.

“அப்ப அன்னைக்கு வந்தது பன்னியோடது இல்லண்ணே,” என்றார் மெதுவாக. “உங்களோடது.”

“பன்னி ரத்தத்துல உள்ளதும் நம்ம ரத்தத்துல உள்ளதும் பாக்க ஒரே சிவப்புதான்,” என்றாள் லம்துவன். “ஆனா ரத்தத்தைச் சிவப்பாக்குற பொருளோட வடிவம் கொஞ்சம் வேற. அந்தக் கோட்டுல இருக்கிற மருந்து ஒரு பூட்டு மாதிரி. நம்ம சாவி மட்டும்தான் அதுல நுழையும். போதாததுக்கு நீங்க தின்ன லூ வயித்துலயே செரிச்சுப் போயிரும்.” பட்டைகளைக் காகிதத்தில் சுருட்டினாள். “பச்சையா ரத்தம் திங்காதீங்கன்னு நான் சொல்றது அதுல இருக்கிற கிருமிக்காக. அதுக்கு இன்னொரு நாள் திட்டுறேன்.”

படியேறும்போது இன்சோனிடம் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனா இவங்க எல்லாரும் குழாயை நிரப்பிக் குடுப்பாங்க மாமா. நீங்க போகலைன்னா ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல.”

அவர் போனார்.

போவதற்கு முந்தைய நாட்களில் கீரை, பழம், விதை எதுவும் இல்லாமல் கஞ்சிதான். அதன்பிறகு மருந்துத் தண்ணீர். கடல்நீரில் சர்க்கரை போட்ட மாதிரி ஒரு ருசி. குடலுக்குள் ஒரு பருக்கை இருந்தாலும் அதற்குப் பின்னால் இருப்பது கேமராவுக்குத் தெரியாது என்பதால் முழுவதையும் அலசிவிட வேண்டும். இன்சோன் கழிவறைக்கும் பாய்க்கும் இடையே பயிற்சிப் படகைவிட வேகமாகப் போய்வந்தார்.

“இந்த வேகத்தை ஆத்துல காட்டியிருந்தா போன வருஷமே கோப்பை வந்திருக்கும்,” என்றாள் அம்போன். சொல்லிவிட்டு இன்னொரு குவளையைக் கரைத்து நீட்டினாள். இன்சோன் ஒரே மூச்சில் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுத்தார்கள். கண்விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதற்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று அவருக்கு வெட்கமாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து, இள வயது டாக்டரம்மா ஒருத்தி அவரையும் அம்போனையும் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினாள். ஈரமான, இளஞ்சிவப்பான ஒரு குகை. சுவரில் வளையம் வளையமாக மடிப்புகள்.

“எனக்குள்ளயா இது?” என்றார் இன்சோன். “சுத்தமா இருக்கே!”

“நல்லா அலசியிருக்கீங்க. இதோ, இந்த ரெண்டு மொட்டையும் அன்னைக்கே கம்பிச் சுருக்கு போட்டு எடுத்துட்டேன்.”

குடலின் உட்சுவர் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எங்காவது ஓரிடத்தில் அந்த வேலைக்கு நிறுத்தத் தெரியாமல் போனால், அங்கே சதை ஒரு மொட்டாகத் துருத்தும். பெரும்பாலான மொட்டுகள் ஒன்றும் செய்வதில்லை. சில மட்டும் பல வருடம் எடுத்துக்கொண்டு புற்றாக மாறும். அதுவரை வலிக்காது. ஆனால் கடந்து போகிற மலம் உரச உரச, அவ்வப்போது துளி ரத்தம் கசியும். மொட்டாக இருக்கும்போதே கிள்ளிவிட்டால் அது புற்றாக மாற வழியில்லை. டாக்டரம்மா இதையெல்லாம் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். பிறகு மூன்றாவது படத்தைத் திறந்தாள். அதில் இருந்தது மொட்டு இல்லை. அகலமாகப் படர்ந்த, நடுவில் குழிந்த ஒரு மேடு.

“இது புற்று. கிள்ளி எடுத்துச் சோதிச்சதுல உறுதியாயிருச்சு. ஆரம்பத்துல இருக்கு. அப்புறம் எடுத்த ஸ்கேன்ல வேற எங்கயும் பரவின மாதிரி தெரியல. இந்தத் துண்டை மட்டும் வெட்டிட்டு, ரெண்டு முனையையும் சேத்துத் தைக்கணும். அடுத்த வாரமே பண்ணிரலாம்.”

அம்போன் அவர் முழங்கையைப் பிடித்தாள். இன்சோன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

“பந்தயம் முடிஞ்சு பண்ணக் கூடாதா டாக்டர்?”

“பந்தயமா? நீங்க எந்த ஊர்ப் படகு?”

சொன்னார். படகில் தன் இடம் எது என்றதும் அவள் புருவம் உயர்ந்தது. “பின்துடுப்பா? நான் ஆத்துக்கு அந்தப் பக்கம். போன வருஷம் உங்களை ஜெயிச்சது எங்க படகு.” சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “எங்க ஊர்க்காரங்க கேட்டா உங்களை இப்பவே படுக்க வெக்கச் சொல்வாங்க. அதுக்காகச் சொல்லல. கொஞ்ச நாள் தள்ளினா அதுக்குள்ள ஆபத்துன்னு நான் மிரட்ட மாட்டேன். ஆனா பந்தயம் முடியட்டும், நெல் அறுப்பு முடியட்டும்னு போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வரும்போது நான் செய்யறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.”

இன்சோன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்துக்குக் கீழே ஆறு படகைத் தூணை நோக்கி இழுக்கும் இடம் ஒன்று உண்டு. இழுப்பு தொடங்கும்போதே பின்துடுப்பை மணிக்கட்டளவு சாய்த்தால் போதும், படகு விலகிப் போய்விடும். தூண் நெருங்கியபிறகு திருப்ப வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் போட்டுச் சாய வேண்டும். அப்போதும் இடிக்காது என்று சொல்ல முடியாது. இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். தூண் தெரிந்தும் கையை அசைக்காமல் நின்ற ஆளை அவர் ஒருநாளும் மன்னித்ததில்லை.

“அடுத்த வாரம் எந்தக் கிழமை?” என்று கேட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் பின்துடுப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனார். நாலு வருடமாகக் கடைசி வரிசையில் அவருக்கு உதவியாகத் துடுப்புப் போடும் சுதின் கையில் அதைக் கொடுத்தார். சுதின் வாங்கத் தயங்கினான்.

“வேண்டாம் மாமா. தோத்துட்டா ஊரே என்னைத் திட்டும்.”

“நான் தோத்தப்ப திட்டலையா? புடிடா.”

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தனக்கு என்ன வந்திருக்கிறது, எங்கே வந்திருக்கிறது, எதை வெட்டப் போகிறார்கள் என்று மறைக்காமல் சொன்னார். பேரைச் சொன்னால் நோய் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்பதுபோல இதுவரை எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிய நோய் அது. அவர் அதை ஆற்றுச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்.

முதலில் கம்பான்தான் எழுந்தார். “லம்துவன் வீட்டுல இருக்காளா?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. சில நாளில் வாயு பிரிந்தது. குடல் மறுபடி வேலைசெய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம் என்று நர்ஸ் சொன்னதால், அம்போன் அதை நெல் விளைந்த சேதிபோல ஊருக்கெல்லாம் போன் செய்து சொன்னாள். வெட்டிய துண்டின் ஓரங்கள் சுத்தம், அதைச் சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகளும் சுத்தம் என்று அறிக்கை வந்தது. இனி மருந்து எதுவும் வேண்டாம், சொல்லும்போது வந்து காட்டினால் போதும் என்றாள் டாக்டரம்மா. “ஆனா இந்த வருஷம் துடுப்பைத் தொட்டீங்கன்னா தையல் பிரிஞ்சிரும். எங்க ஊருக்காகச் சொல்லல.”

அதற்குள் ஊரில் கொடுத்த குழாய்கள் எல்லாம் நிரம்பி வந்திருந்தன. இன்னும் மூன்று பேருக்கு இரண்டு கோடு. ஒருவருக்கு வெறும் மூலம். ஒருவருக்கு எதுவும் இல்லை. மூன்றாவது கம்பான். அவர் குடலிலிருந்த மொட்டைக் கேமரா விட்டபோதே எடுத்துவிட்டார்கள், கத்தி தேவைப்படவில்லை.

“என்னோடது காளான் மாதிரி காம்போட நின்னுச்சாம்,” என்று இன்சோனைப் பார்க்க வந்த இடத்தில் பெருமையடித்தார். “அவ்வளவு அழகா ஒண்ணைப் பாத்ததே இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. உங்களோடது மாதிரி பரந்து கெடக்கல.”

“இன்னும் நாலு வருஷம் லூவைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தா உன்னோடதும் பரந்திருக்கும்.”

“லம்துவன் திட்டினப்புறம் இப்ப வேக வெச்சுல்ல செய்யுறேன். வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க.”

பந்தயத்தன்று இன்சோன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்வதாகத்தான் இருந்தது. ஆனால் வர்ணனை மேடையில் மைக் பிடிப்பவர் அவரைப் பார்த்துவிட்டார். நெற்கதிர் அடிப்பதுபோல ஓயாமல் பேசுகிற ஆள். ஏணியில் ஏற இரண்டு பேரைக் கைகொடுக்கச் சொல்லி, பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இத்தனை வருடம் படகின் வாலில் நின்றவர் இந்த வருடம் ஏன் மேடையில் நிற்கிறார் என்று கூட்டத்தைக் கேட்டுவிட்டு, மைக்கை அவர் வாயருகே நீட்டினார்.

இரு கரையிலும் தலைகளாகத் தெரிந்தன. இன்சோன் தொண்டையைக் கனைத்தார். கனைப்பு ஆற்றின் மறுகரையில் மோதித் திரும்பி வந்தது.

“எனக்குக் குடல்ல புற்று. ஒரு சாண் வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சம் நல்லாத்தான் ஓடுது, காலைலகூட போனேன்.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் கையை உயர்த்தினார்.

“சிரிங்க. நானும் சிரிச்சேன். குழாயைக் கொண்டாந்து குடுத்தவளைக் கேலி பண்ணேன். வலி இல்ல, கிலி இல்ல, பன்னி ரத்தம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். வலி வர்ற வரைக்கும் காத்திருந்தா இன்னைக்கு உங்க முன்னாடி நின்னுருக்க மாட்டேன். ஐம்பது தாண்டினவங்க, உங்க ஊர்த் தொண்டர் குழாய் கொண்டுவந்தா வாங்கி, நிரப்பிக் குடுங்க. வீட்டுல அப்பா, அண்ணன் யாருக்காவது இது வந்திருந்தா ஐம்பது வரைக்கும்கூடக் காத்திருக்காதீங்க. ரெண்டு கோடு விழுந்தா பேசாம கேமராவுக்குப் போய்ப் படுங்க. தூங்கி எந்திரிச்சா முடிஞ்சிரும். அந்த மருந்துத் தண்ணிதான் சகிக்காது.”

கீழே, மேடைக்கு அடியில், தொண்டர் மேற்சட்டையோடு நின்றிருந்த லம்துவனை நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டதை அவர் பார்த்தார். அவர்களில் பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ச் சட்டை போட்டிருந்தார்கள். லம்துவன் எப்படி மூடியைத் திருகிக் குச்சியைச் சொருக வேண்டும் என்று விரலால் காற்றில் காட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்ற தகப்பனுக்கு வர வேண்டிய பெருமிதம் இன்சோனுக்கு வந்தது.

இறுதிப் போட்டியில் அவர்கள் படகு இரண்டாவதாக வந்தது. பாலத்துத் தூணருகே சுதின் மணிக்கட்டை மட்டும் சாய்த்தான். படகு நூல் பிடித்ததுபோலப் போனது. ஜெயித்தவர்களின் துடுப்பு வேகம் அன்று வேறாக இருந்தது, அவ்வளவுதான். இந்த முறை இன்சோன் தொண்டையில் எந்த நாக்கும் சிக்கவில்லை. வர்ணனைக்காரரையே பேசவிடாமல், ஒவ்வொரு துடுப்பையும் அவரே கத்திச் சொல்லி முடித்திருந்தார்.

எல்லைக்கோட்டைத் தாண்டிய படகு மெதுவாகத் திரும்பி, மேடையை ஒட்டி வந்தது. கம்பான் ஏதோ சத்தம் கொடுத்தார். உடனே அத்தனை துடுப்புகளும் தண்ணீரிலிருந்து எழும்பி, நீர் சொட்டச் சொட்ட, வானத்தைப் பார்த்து நின்றன. கோப்பை வாங்கிய படகு மட்டும் மேடைக்குச் செய்கிற மரியாதை அது; இன்று இன்சோனுக்கு. சுதினும் பின்துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்திருந்தான். கரை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அம்போன் முந்திக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள்.

பிடிப்பு எதுவும் இல்லாத படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்சோன் மைக்கைப் பிடுங்கினார்.

“துடுப்பை இறக்குங்கடா! படகு ஆடுது தெரியல?”